வந்தானா, வந்ததா?

2023 ஏப்ரல் 29 அன்று இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ஒரு காட்டு யானைக்கு மயக்க ஊசி போட்டார்கள். நான்கு கும்கிகள் முட்டித் தள்ளி அதை லாரியில் ஏற்றின. மறுநாள் விடியுமுன் பெரியாறு புலிகள் காப்பகத்துக் காட்டில் இறக்கிவிடப்பட்டது. மலையாளத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்க நேரலையில் காட்டிய இந்தச் செய்தியைத் தமிழாக்கியவர்களுக்கு ஒரு சின்னச் சங்கடம் காத்திருந்தது.

இன்றைய மலையாள வினைமுற்றுக்குத் திணையும் கிடையாது, பாலும் கிடையாது. 'வந்நு' என்றால் மாமன் வந்தாலும் மாடு வந்தாலும் மழை வந்தாலும் அதே 'வந்நு'தான். தமிழில் இந்தத் தப்பித்தல் இல்லை. வந்தானா, வந்ததா என்று வினையின் வாலிலேயே தீர்ப்பு எழுதியாக வேண்டும். அந்த யானையின் பெயரோ அரிக்கொம்பன். பெயர் 'அன்' என்று முடிந்துவிட்ட பிறகு 'பிடிபட்டது' என்று எழுதக் கை தயங்கும். தலைப்பில் பிடிபட்டான், உள்ளே பிடிபட்டது என்று ஒரே செய்திக்குள் திணை மாறியதும் உண்டு.

'கொம்பன்' மலையாளத்தில் தந்தமுள்ள ஆண் யானை, 'அரி' அரிசி. (தமிழில் 'அவன் என்ன பெரிய கொம்பனா?' என்று கேட்பது மனிதனைப் பற்றி. விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே சொற்கள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன.) பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. அதே வட்டாரத்தில் பலாப்பழத்துக்கு அலையும் இன்னொரு யானை சக்கைக்கொம்பன். மூணாறில் திரிவது படையப்பா. 1999இல் வந்த ரஜினி படத்தின் பெயர். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த மலைக்கு அது வெளியூர்ப் பெயரல்ல. தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி அருகே 2019இல் பிடிபட்ட யானை அரிசி ராஜா. பந்தலூரில் வீடுகளை உடைத்த மக்னாவுக்கும் அதே பெயர். எல்லைக்கு இருபுறமும் பசியை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களை வெறும் செல்லம் என்று ஒதுக்குவது தவறு. இருட்டில் லயத்துக்கு வெளியே கிளை முறியும் சத்தம் கேட்டால் எந்த யானை என்று தெரிந்தாக வேண்டும். அரிக்கொம்பன் என்றால் அரிசி இருக்கும் அறையில் படுக்கக் கூடாது. சக்கைக்கொம்பன் என்றால் பலா மரத்தடிக்குப் போகக் கூடாது. ஒரு விலங்கின் குணத்தை, வழியை, பருவத்தைச் சுருக்கிச் சொல்லும் குறிப்பு அந்தப் பெயர். தமிழக மலையோரங்களில் யானையைச் 'சாமி' என்றும் 'பெரியவர்' என்றும் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியவர் நிற்கிறார் என்றால் பேச்சைக் குறைத்து வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்று பொருள். அந்த 'ஆர்' விகுதியில் பயமும் இருக்கிறது, முப்பதடி தூரமும் இருக்கிறது.

தமிழ் இலக்கணம் இதையெல்லாம் முன்பே யோசித்திருக்கிறது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று தொல்காப்பியம் கறாராகக் கோடு போட்டது. ஆனால் நன்னூல் அந்தக் கோட்டைத் தாண்ட அனுமதிச் சீட்டும் கொடுத்தது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் திணை மாறினால் அது வழு ஆகாது, வழுவமைதி. பசுவை அம்மா என்று அழைத்து 'வந்தாள்' என்று முடிப்பது மகிழ்ச்சிக்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். எதிர்த்திசையிலும் போகலாம். குழந்தை அழுதது என்று நாம் தினமும் சொல்கிறோம். எந்தத் தாயும் கோபித்துக்கொள்வதில்லை. இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது கோபம். அன்பால் 'ஆன்' பெற்ற யானை கோபத்தாலும் அதையே பெறும்.

அரிக்கொம்பனுக்கு இரண்டும் நடந்தது. சமவெளிக்கு இறங்கியதும் பெயரில் இருந்த தகவல் உதிர்ந்து விகுதி மட்டும் மிஞ்சியது. ஒரு தரப்புக்கு அவன் ரவுடி, கொலைகாரன், பழிவாங்குகிறவன். மறு தரப்புக்கு அநாதைப் பிள்ளை. தாய் இறந்த இடத்தைத் தேடி ஆண்டுதோறும் வருபவன் என்ற கதை கேரளம் முழுக்கப் பரவியது. ரசிகர்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சிலையும் எழுந்தது. வழக்குத் தொடரப்பட்டு, யானையைப் பிடிப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் நிறுத்திவைத்தது. ஏப்ரல் 5 அன்று அதைப் பாலக்காடு மாவட்டம் பரம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. உடனே பரம்பிக்குளத்தை உள்ளடக்கிய முதலமடை பஞ்சாயத்தில் போராட்டம் வெடித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. கடைசியில் பரம்பிக்குளம் கைவிடப்பட்டுப் பெரியாறு தேர்வானது.

பாலக்காட்டுக்காரர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் தங்கள் யானையைப் பிடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதன் பெயர் பி.டி.7, பாலக்காடு டஸ்கர் 7 என்பதன் சுருக்கம். தோணி என்ற ஊரை அலைக்கழித்த அந்த யானை, 2022 ஜூலையில் காலை நடைக்குப் போன ஒருவரைக் கொன்றது. 2023 ஜனவரி 22 அன்று பிடித்துக் கூண்டில் அடைத்ததும் வனத்துறை அமைச்சர் அதற்குத் 'தோணி' என்று பெயரிட்டார். (கிரிக்கெட் ரசிகர்கள் ஏமாற வேண்டாம், ஊரின் பெயர்தான்.) காட்டில் இருந்தவரை எண், கூண்டுக்குள் வந்ததும் பெயர். பொள்ளாச்சி அரிசி ராஜாவும் முகாமுக்குப் போனதும் 'முத்து' ஆனது. மலைவாசிகள் தனித்து அறிவதற்காகப் பெயர் வைக்கிறார்கள்; வனத்துறை, யானை தன் கைக்கு வந்துவிட்டதற்கு அடையாளமாக வைக்கிறது. தோணியின் உடலில் பெல்லட் குண்டுகள் இருந்தது பிடித்த பிறகுதான் தெரியவந்தது.

விலங்குக்குப் பெயர் வைத்தாலே விஞ்ஞானம் கெட்டுவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. ஜேன் குடால் 1960இல் கோம்பே காட்டில் சிம்பன்சிகளுக்குப் பெயர் வைத்து ஆய்வு செய்தபோது, எண் கொடுத்திருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் கண்டித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு என்று அவர் எழுதியதைப் பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது. யானைக்கு நினைவு உண்டு, உறவு உண்டு. அதனால் அதற்கு நம் சட்டப் புத்தகமும் நம் சினிமாக் கதையும் உண்டு என்று ஆகிவிடாது. ரேஷன் கடையை உடைப்பது திருட்டு என்றால், திருடனுக்குத் தன் செயல் குற்றம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சின்னக்கானலில் இன்னொரு பெயர் விவகாரமும் இருக்கிறது. அங்கே உள்ள நீர்த்தேக்கத்தின் பெயர் ஆனயிறங்கல், அதாவது யானை இறங்கும் இடம். அதன் அருகில் 2000களின் தொடக்கத்தில் கேரள அரசு ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. 301 குடும்பங்கள் என்பதால் ஊரின் பெயரே 301 காலனி ஆனது. இடப்பெயரே எச்சரித்தும் யானைப் பாதையில் மனிதர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். யானைக்குப் பயந்து பலர் நிலத்தை விட்டுப் போனார்கள். யானைக்கு நாடறிந்த பெயர். ஊருக்கு வெறும் எண். இறந்தவர்கள் செய்திகளில் 'தோட்டத் தொழிலாளி', 'வாட்ச்மேன்' என்றுதான் பெரும்பாலும் வந்து போனார்கள். அரிக்கொம்பனுக்காக ஃப்ளெக்ஸ் வைத்தவர்களைக் கேட்டால், அதன் காலில் விழுந்தவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்வார்களா என்பது சந்தேகம்.

பெரியாற்றிலிருந்து யானை மேகமலை வழியாகத் தமிழகத்துக்குள் வந்தது. மே 27 அன்று கம்பம் நகருக்குள் ஓடியது. அன்று தாக்கப்பட்டவர் சில நாளில் இறந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில் விட்டது. புல்லைத் தண்ணீரில் அலசித் தின்னும் வீடியோ வந்தது, லட்சக்கணக்கானோர் நெகிழ்ந்தார்கள். செப்டம்பரில் அது மாஞ்சோலை மலையின் நாலுமுக்கு எஸ்டேட்டுக்குள் நுழைந்து வாழைகளைச் சாய்த்தது. அங்கும் தேயிலைத் தொழிலாளர்கள், அங்கும் லயங்கள். 2024இல் தோட்ட நிறுவனம் வேலையை முடித்துக்கொள்ள, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்கும்படி ஆனது. அரிக்கொம்பனைக் காட்டிலேயே விட்டுவிட்டார்கள்.