பெல்லட் தீர்ந்தால் குறி படிந்துவிடுமா?

"சுட்டுக்கொண்டே இரு, கை தானாகப் படியும்." ரைஃபிள் கிளப் மேடைகளில் பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். அண்மையில் ஒரு பயிற்சி முகாமின் தொடக்க உரையிலும் இதே வாசகம். கேட்டுக்கொண்டிருந்தவர்களோ ஏர் ரைஃபிளை அன்றுதான் முதன்முதலாகத் தொடப்போகும் பள்ளிப் பிள்ளைகள். இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

கை படியும், சரி. எதற்குப் படியும்? கோணலாக நின்று ஆயிரம் முறை சுட்டால் அந்தக் கோணல்தான் உடம்பில் ஊறும்.

10 மீட்டர் போட்டியில் பத்துக்கான புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. இடைவெளி. முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 80 செ.மீ. என்று கொண்டால், அவற்றின் நேர்கோடு 0.2 மி.மீ. பிசகினாலே அட்டையில் ஒரு வளையம் போய்விடும். 5.5 கிலோ வரை எடையிருக்கலாம் என்று விதி அனுமதிக்கும் துப்பாக்கியைக் கைப்பலத்தால் இத்தனை நுட்பமாக யாராலும் நிறுத்த முடியாது. எலும்புதான் தாங்க வேண்டும். இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, பாரம் கால்வழியே தரைக்கு இறங்க வேண்டும்.

அதற்கடுத்ததுதான் முக்கியம், அந்த மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. பெல்லட் போடாமல் குறிபார்த்து நில்லுங்கள். கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி இப்போது எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் உடம்பு இயல்பாக நோக்குகிறது. அது வலப்பக்கம் விலகியிருந்தால் புதியவர் என்ன செய்கிறார்? கையால் துப்பாக்கியை நடுவுக்கு இழுத்துச் சுடுகிறார். விசையை அழுத்தும் கணத்தில் இழுத்துப் பிடித்த தசை தளர்கிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்குகிறது. ஒன்று பத்து, அடுத்தது எட்டு, அதற்கடுத்தது ஏழு. உடனே குறியின் திருகைத் திருப்புகிறார். அடுத்த பத்தும் சிதறுகின்றன. பிழை இருப்பது பாதத்தில். பாதத்தை ஒரு விரலகலம் நகர்த்தி, மறுபடி கண்ணை மூடிச் சோதித்திருந்தால் போதும். ஒரு டின் பெல்லட்டைக் காலிசெய்தாலும் அந்தப் பாதம் தானாக நகராது.

"சாம்பியன்கள் நிறையச் சுடுகிறார்களே" என்பார்கள். நிற்கும் நிலை உறுதிப்பட்ட பிறகு சுடுகிறார்கள். அதுவும் எல்லாவற்றுக்கும் காப்பல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் கடைசிச் சுடுதலுக்கு முன் மேத்யூ எம்மன்ஸ் முதலிடத்தில் இருந்தார். விசையில் விரல் முந்திக்கொண்டது, 4.4 விழுந்து நான்காம் இடத்துக்குப் போனார். அவர் வாழ்நாளில் சுட்டது குறைவா?

"மூச்சை இழுத்துப் பிடி" என்பதும் தவறு. மூச்சை விட்டபின் வரும் இயல்பான இடைவெளியில்தான் சுட வேண்டும், சில விநாடிகளில் முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும்.

போட்டிக்கான ஏர் ரைஃபிள்கள் பலவற்றில் பெல்லட்டும் காற்றும் இல்லாமல் விசையை மட்டும் பழகும் வசதி உண்டு. துப்பாக்கி அதிராததால், விசை விடுபட்ட கணத்தில் குறி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பிள்ளையே கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அந்த முகாமில் முதல் நாளே ஆளுக்கொரு டின் பெல்லட் கொடுத்தார்கள். கால்களை எப்படி வைப்பது என்று ஒருவருக்கும் காட்டவில்லை.