100 ரூபாய் சலுகையும் மேல்மொணவூர் முகாமும்



2016 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்து நீண்டகால விசாவில் தங்கியிருக்கும் சிறுபான்மை மதத்தவர் இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்ய 3,000 முதல் 15,000 ரூபாய் வரை கட்டணம் இருந்தது. அதை 100 ரூபாயாகக் குறைத்தார்கள். விசாவைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு 30, 130, 230 அமெரிக்க டாலர் என்று இருந்த அபராதம் 100, 200, 500 ரூபாய் ஆனது. வங்கிக் கணக்கு, பான் கார்டு, ஆதார், ஓட்டுநர் உரிமம், குடியிருக்க ஒரு வீடு வாங்கும் அனுமதி எல்லாமே சேர்ந்து வந்தன.

இந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. உயிர் பிழைக்க ஓடிவந்தவரிடம் 15,000 ரூபாய் கேட்பது அநியாயம், அதை நூறாக்கியது நியாயம். என் கேள்வி வேறு. வேலூரை ஒட்டி மேல்மொணவூரில் ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து நம்மில் எத்தனையோ பேர் கடந்துபோகும் நிலம்தான். அந்த முகாமில் இருப்பவர்களுக்கு இந்த 100 ரூபாய்ச் சலுகை ஏன் வரவில்லை?

ஆம்பூரில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அப்போ நாமும் அதே நூறு ரூபாய்க் கட்டணம் கேட்டுப் போராடினால் போதுமா அண்ணா?" போதாது. ஏன் போதாது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கட்டண விலக்கு என்பது நமக்குப் புதிதல்ல. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் பட்டியல் சாதியினருக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்பித்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள். ஊரில் சிலர் அதைச் சலுகை என்று இளக்காரமாகச் சொல்வார்கள். உண்மையில் அது அரசு எழுதிக்கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். 'உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு' என்று அரசு ஏற்றுக்கொள்ளும்போதுதான் கட்டணம் விலகுகிறது. ஆகவே ஒரு விலக்குப் பட்டியலைப் பார்த்தால், யாருடைய துயரத்தை அரசு துயரமாக ஒப்புக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். 2016 பட்டியலில் இலங்கை இல்லை.

அந்த மூன்று நாட்டவருக்கு வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். 2015 செப்டம்பரில் பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் படி: பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததற்கும் காலம் கடந்து தங்கியதற்கும் விலக்கு. 2016-ல் இரண்டாம் படி: கட்டணக் குறைப்பு. 2019-ல் மூன்றாம் படி: குடியுரிமைத் திருத்தச் சட்டம். 2014 டிசம்பர் 31-க்குள் வந்த அவர்கள் இனி 'சட்டவிரோதக் குடியேறி' அல்ல என்று சட்டத்திலேயே எழுதினார்கள். விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. பட்டியலில் முஸ்லிம்கள் இல்லை. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் முஸ்லிம்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்யும் நமக்கு அந்த விடுபடலின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் படி எப்போது கிடைத்தது தெரியுமா? 2025 செப்டம்பரில். புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிறப்பித்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது என்று சேர்த்தார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் அதற்குள் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள்.

அந்தத் தேதியும் யோசிக்க வைக்கிறது. 2015 ஜனவரி 9 மைத்திரிபால சிறிசேனா அதிபராகப் பதவியேற்ற நாள். அன்றோடு இலங்கையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கணக்கா? 2022-ல் அரிசிக்கும் பால் பவுடருக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வந்தும் பதிவு செய்யாமல் விடுபட்டவர்களும் வரமாட்டார்கள்.

வந்தவர்களுக்கும் கிடைத்தது வழக்கிலிருந்து பாதுகாப்பு மட்டுமே. குடியுரிமைச் சட்டத்தில் 2003-ல் கொண்டுவந்த திருத்தத்தால் நுழைந்த 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல் அவர்களைப் பொறுத்தவரை அப்படியே நிற்கிறது. சரியான ஆவணம் இல்லாமல் வந்தவர் பதிவு வழியாகவும் குடியுரிமை கேட்க முடியாது, இயல்புரிமை வழியாகவும் முடியாது. இப்போது தம்பியின் கேள்விக்கு வாருங்கள். கட்டணம் 100 ரூபாயாக இருந்தாலும் 15,000 ரூபாயாக இருந்தாலும், விண்ணப்பத்தையே வாங்க மாட்டேன் என்பவரிடம் அதைக் கட்டுவது எப்படி?

இது முகாமோடு நிற்பதும் இல்லை. நம் ஊர்ப் பையன் ஒருவன் முகாம் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் குடிமகன். இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டு இங்கே வசித்தால் பதிவு செய்து குடியுரிமை பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் படகில் வந்த பெண்ணுக்கு அது கிடையாது, அவள் 'சட்டவிரோதம்'. பிள்ளை? 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அப்பன் ஆம்பூரில் ஓட்டுப் போடுவான், பிள்ளைக்கு நாடு இருக்காது. தாயைக் கொண்டு பிள்ளையின் இடத்தை முடிவுசெய்யும் ஏற்பாட்டை நாம் வேறு எங்கே பார்த்திருக்கிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முகாம்களில் இருப்பவர் எல்லோரும் ஒரே வரலாறு கொண்டவர்களும் அல்ல. அவர்களில் பல்லாயிரம் பேர் மலையகத் தமிழர்கள். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து கங்காணிகள் திரட்டி, காபித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுபோனவர்களின் வாரிசுகள். அவர்களில் பெரும் பகுதியினர் நம் சனங்கள். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். லயன் வீட்டில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால் இல்லை.

ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர் 'தாயகம் திரும்பியவர்'. அவருக்குக் குடியுரிமை உண்டு, அவர்களில் பலருக்கு டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலையும் கிடைத்தது. 1977, 1981, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி, அங்கே போர் வந்ததும் படகேறியவர் 'சட்டவிரோதக் குடியேறி'. இருவரும் ஒரே லயன் வரிசையில் பிறந்திருக்கலாம். அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம். ஒருவன் கப்பலில் வந்தான், ஒருவன் படகில் வந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அபத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவனித்தது. முகாம்களில் வசிக்கும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடர்ந்த வழக்கில் 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக விண்ணப்பம் கொடுக்கலாம், ஆட்சியர் அதைத் தாமதமின்றி மேலே அனுப்ப வேண்டும், ஒன்றிய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும், சட்டவிரோதக் குடியேறி என்ற தடையைத் தளர்த்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றார். ஆறு மாதம் கழித்து டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது, இவர்கள் இல்லாமலேயே. 2025 மே மாதம் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகெங்கும் இருந்து வருபவர்களை எல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லக் கேட்டோம்.

வெளியுலகத்தையும் ஒரு பார்வை பார்ப்போம். அமெரிக்காவில் அகதித் தஞ்சம் கேட்டு மனுக் கொடுக்க 2025 வரை கட்டணம் கிடையாது. அந்த ஆண்டு ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் மனுவுக்கு 100 டாலர் என்றும், மனு நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் இன்னொரு 100 டாலர் என்றும் விதித்தது. ஏழை என்று சொன்னாலும் தள்ளுபடி இல்லை. மனுவைக் கிடப்பில் போடுவது அரசு, அதற்கு ஆண்டுச் சந்தா கட்டுவது அகதி! இது கொடுமை. ஆனால் அங்கே மனுப்போட ஒரு சட்டம் இருக்கிறது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. நம் முகாம்காரர் நாற்பது ஆண்டுகளாக அரசாணைகளில் வாழ்கிறார்.

கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது என்பதற்கு வங்காளத்து மதுவா மக்களே சாட்சி. நாமசூத்திரர்கள், நம்மைப் போலத் தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்டவர்கள். 1946-ல் அண்ணல் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்ப ஜோகேந்திரநாத் மண்டலோடு நின்ற சமூகம். வங்கதேசத்திலிருந்து வந்த இந்துக்கள் என்பதால் 2016 சலுகையிலும் 2019 சட்டத்திலும் அவர்களுக்கு இடம் உண்டு. அப்படியும் பலர் விண்ணப்பிக்கத் தயங்கினார்கள். விண்ணப்பித்தால் 'நான் வெளிநாட்டுக்காரன்' என்று தானே எழுதிக் கொடுக்க வேண்டும், அங்கிருந்து வந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். ஓடிவரும்போது யார் காகிதம் எடுத்து வந்தார்கள்?

காகிதத்துக்கு ஆகும் செலவு எந்தக் கட்டணப் பட்டியலிலும் இருக்காது. பெயிண்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற முகாம்காரர் ஒரு சான்றுக்காகச் சென்னைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. நம் ஷூ கம்பெனி அக்காக்களுக்கு இது தெரியும், ஒரு நாள் லீவு போட்டால் கூலியோடு அட்டண்டன்ஸ் போனஸும் போகும். பத்திரம், நோட்டரி, ஜெராக்ஸ், எழுதித் தருபவருக்குக் கொடுப்பது, தவிர முகாமில் கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லையென்றால் வரும் தொல்லை. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, அந்த நவம்பரில் முதலமைச்சர் மேல்மொணவூருக்கே வந்து புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருந்தவருக்கு வீடு பெரிய விஷயம். குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது, மாநில அரசு தர முடியாது. அதைக் காரணம் காட்டிக் கோரிக்கையை ஆண்டுக்கு ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் இயக்கங்களும் யோக்கியமல்ல. ஈழம் என்றால் மேடையில் முழங்குவோம், முகாமுக்குள் இருக்கும் மலையகத்துச் சனத்தின் சாதியைப் பற்றிப் பேச மாட்டோம்.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அவர் கட்டணமும் கட்ட வேண்டாம், விலக்கும் கேட்க வேண்டாம், குடியுரிமை கேட்டு மனுப்போடவும் வேண்டாம். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் உயர் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் உத்தரவு வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர் என்றால், பிறந்த சமயத்தில் தாயோ தந்தையோ ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே போதும். நம் மாவட்ட முகாம்களில் இப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று உட்கார்ந்து கணக்கெடுத்தால், பிறப்புச் சான்று வாங்குவதும் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6 கொடுப்பதும் அடுத்த வேலை. படிவம் 6-க்குக் காசு கிடையாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான், முகாம்காரர் கேட்க முடியாது. நீங்கள் கேட்கலாம், 10 ரூபாய். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகங்களுக்கு வந்த குடியுரிமை மனுக்கள் எத்தனை, எந்தத் தேதியில் மேலே போயின என்று கேளுங்கள். வழக்குப் போட வேண்டி வந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பிரிவு 12-ஐப் படித்துவிட்டுப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு, நீதிமன்றக் கட்டணமும் அவர்கள் கட்ட வேண்டாம். அந்தப் பிரிவு 'நபர்' என்றுதான் சொல்கிறது, 'குடிமகன்' என்று சொல்லவில்லை. வாசலில் யாராவது ஆதார் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த வரியைக் காட்டுங்கள்.