எல்லா சர்வரும் ஒரே அச்சா?

ஆன்சிபிள், பப்பெட் போன்ற தானியக்கக் கருவிகள் புழங்கும் இடங்களில் ஒரு நம்பிக்கை வேதவாக்காகிவிட்டது: சர்வர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டும், ஒன்று மாறி இருந்தால் அது நிர்வாகியின் குற்றம். 'செல்லப் பிராணியாக வளர்க்காதே, மந்தை மாடாக நடத்து' என்று இதற்கு ஓர் உபதேசமும் உண்டு. மாடு மேய்த்தவர் எவரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். எது முட்டும், எது உதைக்கும், எது எவ்வளவு கறக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வெப் சர்வர்களுக்கு அந்த உபதேசம் செல்லும். ஒன்று செத்தால் இன்னொன்றை எழுப்பிக்கொள்ளலாம். டிஸ்க் விஷயம் அப்படியல்ல. டேட்டாபேஸ் சர்வருக்குத் தனி வால்யூம், பேக்கப் சர்வருக்கு என்எஃப்எஸ், பழைய ரிப்போர்ட் சர்வரில் யாரோ எப்போதோ சேர்த்த ஒரு டிஸ்க். தரவு எங்கே கிடக்கிறதோ அங்கேதான் மவுண்டும் இருக்கும்.

எல்லாம் ஒன்று என்று நம்புகிறவர் எல்லா சர்வருக்கும் டிஸ்க்கின் பெயரை 'எஸ்டிபி' என்றே எழுதிவிடுகிறார். லினக்ஸில் அந்தப் பெயர் நிலையானதல்ல. கர்னல் டிஸ்க்குகளைக் கண்டறியும் வரிசையில் வருவது. ரீபூட்டுக்குப் பின் எஸ்டிபி, எஸ்டிசி ஆகிவிடலாம். எஃப்எஸ்டேப் கோப்பில் சொன்ன டிஸ்க் கிடைக்காமல், 'நோஃபெயில்' என்றும் குறிப்பிடாமல் இருந்தால், சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போகவும் முடியாது. இதற்கு மருந்து, ஃபார்மேட் செய்யும்போது கிடைக்கும் தனி அடையாளமான யூயூஐடி. தனித்தனியே ஃபார்மேட் செய்த இரண்டு டிஸ்க்குகளின் யூயூஐடி ஒன்றாக இருக்காது. ஆக, மவுண்டை ஒழுங்காக எழுத உட்கார்ந்த உடனேயே 'ஒரே அச்சு' கொள்கை அடிபட்டுப்போகிறது.

ஆனாலும் கொள்கையை விட மனம் வராது. 'இந்த ஹோஸ்ட் என்றால் மட்டும் இதைச் செய்' என்று டாஸ்க்குக்குள்ளேயே நிபந்தனைகளைச் செருகிக்கொண்டே போவார்கள். பிறகு ஒரு சர்வரில் என்னென்ன மவுண்ட் என்று கேட்டால், பிளேபுக் முழுவதையும் படித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ஒன்றாக இருக்க வேண்டியது டாஸ்க், மவுண்டுகளின் பட்டியல் அல்ல. ஆன்சிபிளில் பொதுவான மவுண்டுகள் குரூப் வார்ஸில், அந்தந்த சர்வருக்கு உரியவை ஹோஸ்ட் வார்ஸில். இரண்டு பட்டியலுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆன்சிபிள் அவற்றைக் கூட்டித் தராது. ஹோஸ்ட் பட்டியல் குரூப் பட்டியலை முழுதாக மறைத்துவிடும். வேறு வேறு பெயர் வைத்து டாஸ்க்கில் சேர்ப்பதே நல்லது. பப்பெட்காரர்கள் அதன் தரவுப் பகுதியான ஹையராவிடம் இணைக்கும் முறையைச் சொல்லிவிடலாம். பட்டியலில் ஒரு வரியை அழித்தால் மவுண்ட் கழன்றுவிடும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. நிலையை 'ஆப்சென்ட்' என்று மாற்றி ஒருமுறை ஓட்டினால்தான் கழலும்.

'நூறு சர்வருக்கு நூறு கோப்பா?' என்று கேட்பார்கள். இல்லை, மாறுபட்டவற்றுக்கு மட்டும்தான். அதையும் எழுத மறுக்கும் இடங்களில் வேறுபாடு ஒழிந்துவிடுவதில்லை. அவசரத்தில் யாரோ ஒருவர் ரூட்டாக உள்ளே போய் மவுண்ட் கட்டளையைக் கையால் அடித்துவிட்டு வருகிறார். எஃப்எஸ்டேபில் வரி கிடையாது. அடுத்த ரீபூட்டில் அந்த மவுண்ட் இருக்காது; காலியான அந்த அடைவுக்குள் அப்ளிகேஷன் எழுத ஆரம்பித்து, ரூட் டிஸ்க் நிரம்பும் வரை எழுதிக்கொண்டே இருக்கும்.