காளைக்குப் புல் எங்கே?

2017-ம் ஆண்டு தை மாதம் சென்னை மெரினா கடற்கரையில் மக்கள் வெள்ளம்! "ஜல்லிக்கட்டு வேண்டும்" என்று இளைஞர்கள் இரவும் பகலும் அங்கேயே கிடந்தார்கள். சட்டமும் வந்தது.

காளைக்காக அத்தனை பேர் எழுந்தோம். நல்லது. ஆனால், அந்தக் காளை எதைத் தின்று வளர்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்?

காங்கேயம் காளைக்குத் தாய்வீடு கொறங்காடு. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் பார்க்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள், "சும்மா கிடக்கும் பொட்டல்" என்று நினைப்பார்கள். அது பொட்டல் அல்ல, பட்டா நிலம். பல தலைமுறையாகக் குடியானவர்கள் காத்து வந்த மேய்ச்சல் காடு.

சுற்றிலும் முள்கிளுவை வேலி. நடுவில் அங்கும் இங்கும் வெள்வேலான் மரம். கீழே கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு.

அங்கே ஆண்டுக்குச் சுமார் 600 மில்லி மீட்டர்தான் மழை. அதற்கு ஏற்ற புல் இது. வெயிலில் மேலே கருகிப் போகும். கீழே வேர் சாகாது. ஒரு மழை விழுந்தால் போதும், பச்சென்று துளிர்க்கும். வேர் மண்ணைப் பிடித்துக் கொள்வதால், மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் நிலத்துக்குள் இறங்கும்.

புல் காய்ந்த கோடையில் வெள்வேலான் நெற்று உதிரும். ஆடு மாடுகள் அதைத் தின்னும். விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். மரம் வைக்க ஆள் கூலி கிடையாது!

இப்படிப்பட்ட காடுகள் இன்று வீட்டு மனைகளாகின்றன. குடியானவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காங்கேயம் பசு கறக்கும் பால் கொஞ்சம். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். காட்டை விற்காமல் என்ன செய்வார்? வைத்திருப்பவர்களும் அளவுக்கு மீறி ஆடு மாடுகளை விடுகிறார்கள். புல் விதை கட்டுவதற்குள் மேய்ந்து தீர்ந்து விடுகிறது. அந்த இடத்தில் சீமைக் கருவேல் புகுந்து கொள்கிறது.

கெட்ட காட்டை மீட்க முடியுமா? முடியும்.

முதலில் சீமைக் கருவேலை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். வெள்வேலான் மரத்தைத் தொடக் கூடாது. வேலியில் இடைவெளி இருந்தால் கிளுவைப் போத்து நட வேண்டும். அது வேர் பிடித்துக் கொள்ளும்.

பிறகு லேசாக ஒரு உழவு. ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதை போதும். அறுத்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதம் வைத்திருந்து விதைக்க வேண்டும். விதை பஞ்சு போல் இருக்கும், காற்றில் பறக்கும். ஆகவே ஈர மண்ணோடு கலந்து தூவி, மேலாக மூடினால் போதும். ஆழப் புதைத்தால் வராது.

பொறுமை வேண்டியது இதற்குப் பிறகுதான். புல் வேர் பிடித்து, கதிர் விட்டு, விதை கொட்டும் வரை ஒரு கன்றுக் குட்டியைக் கூட உள்ளே விடக் கூடாது. அடுத்த ஆண்டு முதல் காட்டை அடைப்பு அடைப்பாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது தெரிந்த வழிதான்.

ஆனால், அந்த ஓர் ஆண்டு மாட்டுக்குத் தீவனம்? ஏழைக் குடியானவர் சோளத்தட்டை விலைக்கு வாங்க எங்கே போவார்? கொறங்காட்டைத் திருத்துகிறவருக்கு அந்த ஆண்டுத் தீவனச் செலவை அரசாங்கம் கொடுக்க வேண்டும். புல் விதையும் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே விதை கைக்கு வந்தாக வேண்டும். மார்கழியில் வந்தால் மூட்டையில்தான் கிடக்கும்.