ஒன்பது மாகாணம், ஒரு சபைகூட இல்லை

2025 மே 6ஆம் திகதி இலங்கையின் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. அதற்குப் பணமும் கிடைத்தது, அதிகாரிகளும் கிடைத்தார்கள். மாகாண சபைத் தேர்தலை மட்டும் மறித்து நிற்பது எது என்று கேட்டே வடக்கு, கிழக்கு வாக்காளர் குழுவொன்று சக குடிமக்களுக்கு இந்த வேண்டுகோளை விடுக்கிறது.

கணக்கைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். கிழக்கில் கடைசித் தேர்தல் 2012இல். சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. தனி மாகாணமாக வடக்கு கண்டது 2013ஆம் ஆண்டின் ஒரேயொரு தேர்தலை. அந்தச் சபையும் 2018 ஒக்டோபரோடு சரி. 2019இல் ஊவாவின் காலமும் தீர்ந்தது. அன்றிலிருந்து ஒன்பது மாகாணங்களிலும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களின் ஆட்சிதான். 1987இன் 13ஆவது திருத்தம் கல்வி, சுகாதாரம், விவசாயம் எனப் பட்டியல் போட்டு மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்த அதிகாரம், சுற்றிக்கொண்டு கொழும்புக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கிழக்கில் முப்பது வயதை எட்டிய ஆசிரியை ஒருவர் மாகாண சபைக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை.

இது எப்படி நடந்தது? பெண் வேட்பாளர்களுக்கு 30 சதவீதம் ஒதுக்குவதற்கென்று 2017இல் வந்த சட்டமூலத்துக்குள், குழுநிலையில் ஒரு புதிய தேர்தல் முறையே நுழைக்கப்பட்டது. ஆதரவு 159, எதிர்ப்பு 37. தமிழ், முஸ்லிம் கட்சிகளும் சேர்ந்துதான் கை தூக்கின; அதை மறக்க வேண்டியதில்லை. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் தேவை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறை ஒழிந்தது, புதிய முறை பிறக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் இத்தனை ஆண்டுகளாகத் தேர்தல் புதைந்து கிடக்கிறது.

இது கட்சிக்காரர்களின் கவலை மட்டுமல்ல. மக்களின் இறைமையில் ஆட்சி அதிகாரம், அடிப்படை உரிமை, வாக்குரிமை மூன்றும் அடங்கும் என்கிறது அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை. 1998இல் அவசரகால விதியைக் காட்டி ஐந்து மாகாண சபைகளின் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டபோது, வாக்களிப்பதும் கருத்து வெளியிடும் சுதந்திரமே என்று சொல்லி, தேர்தலை நடத்த உயர் நீதிமன்றம் 1999இல் கட்டளையிட்டது. 2023இன் உள்ளூராட்சித் தேர்தல் நின்றுபோனதும் அடிப்படை உரிமை மீறலே என்று 2024 ஓகஸ்டில் அதே நீதிமன்றம் தீர்த்தது. அந்த இரண்டு முறையும் வழக்குப் போட ஆட்கள் இருந்தார்கள்.

பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும். சாதாரணப் பெரும்பான்மையே அதற்குத் தாராளம். 2024 பொதுத் தேர்தலில் 225இல் 159 ஆசனங்களை வென்ற அரசாங்கத்துக்கு அது ஒரு நாள் வேலை. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதித் திகதி கேட்க வேண்டும் என்பதே குழுவின் கோரிக்கை. மேடையில் அதிகாரப் பகிர்வு பேசிவிட்டு இதற்குப் பதில் தராத உறுப்பினர்களின் பெயர்களை, அடுத்து அவர்கள் வாக்குக் கேட்டு வரும் ஊர்களிலேயே அறிவிக்கப்போவதாகவும் குழு எச்சரிக்கிறது.