பருப்புக்கும் காப்பீடு வேண்டும்

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், மருத்துவமனையில் படுத்திருக்கும்வரை நோயாளியின் சாப்பாட்டுச் செலவும் அடங்கும். வீடு திரும்பினால் 15 நாளுக்கு மருந்து உண்டு, சோறு கிடையாது. இது சரியல்ல என்பேன்.

காசநோயையே பாருங்கள். அதன் கிருமி பலர் உடலில் அடங்கிக் கிடக்கிறது. உடல் மெலிந்தால் தலைதூக்குகிறது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை. நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளைவிட இவ்வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது! அந்த அரிசி பருப்பின் ஆற்றல் நாளுக்கு 750 கிலோ கலோரி. வாட்டில் கணக்கிட்டுப் பாருங்கள். 40 வாட் பல்பு இரவும் பகலும் எரிவதைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

"மருந்துதானே நோயைத் தீர்க்கிறது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 1959-இல் வெளியான சென்னை ஆய்வில், எளிய சாப்பாட்டோடு வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். ஆனால் அது நோயாளியின் கதை. நான் கேட்பது அவருடைய தங்கைக்கு.

நோயாளிக்கு உணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அரசு தருகிறது. நல்லது. வீட்டாருக்கோ, கொடையாளர் யாராவது முன்வர வேண்டியிருக்கிறது. நோய் வந்தபின் படுக்கைக்குப் பணம் கட்டும் காப்பீடு, வருமுன் பருப்புக்கும் கட்டலாமே? கொண்டுபோய்ச் சேர்க்க ரேஷன் கடை இருக்கிறது.