அரசு சீட்டு... ஆனால் நாலு லட்சம்!

மருத்துவக் கலந்தாய்வு தொடங்கினால் போதும். நகரில் இரண்டு வகை ஆட்கள் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். மகளின் நீட் மார்க்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலையும் தகப்பனார் ஒருவர். "சீட்டா? நம்மகிட்ட விடுங்க சார்" என்று ஒட்டிக்கொள்ளும் புரோக்கர் இன்னொருவர்.

2017 முதல் தமிழ்நாட்டில் தனியார் கல்லூரியின் மேனேஜ்மென்ட் சீட்டைக்கூட அரசின் தேர்வுக்குழுதான் நீட் மார்க் வரிசைப்படி ஒதுக்குகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கு டெல்லியிலிருந்து கலந்தாய்வு. புரோக்கர் கையில் இருப்பது வெறும் செல்போன். அட்வான்ஸ் கொடுத்தீர்களோ, ஆசாமி அம்பேல்!

அவரைப் போலீஸ் கவனித்துக்கொள்ளட்டும். அரசே வைத்திருக்கும் ஒரு பெயர்தான் என்னை உறுத்துகிறது. 'அரசு ஒதுக்கீடு' என்ற பெயர்!

கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழு அலுவலக வாசலில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஸ்வீட் பெட்டியோடு நின்றார். "பொண்ணுக்கு கவர்மென்ட் சீட் கிடைச்சிடுச்சு தம்பி!" உத்தரவை வாங்கிப் பார்த்தால், தனியார் கல்லூரி. கட்டணத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "கவர்மென்ட் சீட்டுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு பணம்?"

நியாயமான கேள்விதானே?

சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரி 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரி 50 சதவீதத்தையும் அரசிடம் ஒப்படைக்கின்றன. ஒப்படைப்பது இடத்தை மட்டும்தான். பணம் கல்லூரிக்கே. வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல். ஹாஸ்டல், சாப்பாடு தனி. அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் பத்து லட்சத்தைத் தாண்டும். என்.ஆர்.ஐ. சீட் இருபதையும் தாண்டும். ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், அறுத்துப் படிக்க ஒரே பிணம். பெஞ்சுக்குப் பெஞ்சு விலை மட்டும் வேறு!

2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் பணம் கட்ட வழியில்லாமல் திரும்பினார்கள். பெரிய கூச்சல் எழுந்தது. அந்த நவம்பரிலேயே, அவர்களின் கட்டணத்தை அரசே கட்டும் என்று அறிவிப்பு வந்தது. பலே! ஆனால் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளி மகனுக்கு இந்தச் சலுகை இல்லை. அவன் வீட்டு அடுப்பு மட்டும் என்ன நெய்யிலா எரிகிறது?

தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம்தான் என்று 2022 பிப்ரவரியில் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது. விவகாரம் கோர்ட்டுக்குப் போய்விட்டது.

கட்டணத்தைக் குறைக்கத்தான் நாளாகும் என்றால், பெயரையாவது மாற்றுங்கள். 'தனியார் கல்லூரி, கட்டணம் உண்டு' என்று போடுங்கள். கல்லூரியைத் தேர்வு செய்யும் பக்கத்திலேயே, ஹாஸ்டலையும் சேர்த்துப் படிப்பு முடியும் வரை ஆகும் மொத்தத் தொகையைக் கொட்டை எழுத்தில் காட்டுங்கள். உத்தரவு கைக்கு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? பிந்தைய சுற்றில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று விட்டால், கட்டிய டெபாசிட்டும் போய்விடுகிறதே!